தட்டில் ஓர் ஏரி: வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

(தில்லித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு 31 ஆண்டுகள் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஆசிரியை வாசகர்களுக்குப் பதில் எழுதும் பகுதி இது. ராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரியைப் பற்றிச் சென்ற இதழில் அவர் நாலு வரி எழுதியிருந்தார். அதையொட்டி வந்த கேள்விகளிலிருந்து சில இங்கே.)

கேள்வி: பிப்ரவரி மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைச் சாம்பர் ஏரிக்கு அழைத்துப் போகிறோம். போன வருடம் ஜெய்ப்பூர் கோட்டைகளுக்குப் போனபோது படம் எடுத்ததோடு சரி, ஒன்றும் மனத்தில் நிற்கவில்லை. இந்த நிலம் எப்படி உருவானது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்க எங்கிருந்து தொடங்குவது?
— பள்ளி ஆசிரியை, ரோகிணி, தில்லி

ஆர்.கே.புரத்திலிருந்து தொடங்குங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மலை மந்திருக்குப் போகாத தமிழ்க் குடும்பம் தில்லியில் குறைவு. முருகன் கோயில் நிற்கிற அந்தக் குன்று ஆரவல்லி மலைத்தொடரின் வடக்கு வால். படியேறும்போது பக்கத்தில் தெரியும் பாறையைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். அது குவார்ட்சைட். ஒரு காலத்தில் வெறும் மணலாகக் கிடந்தது, புதைந்து, அழுந்தி, சூடேறி இறுகிப்போனது. வயது நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல். இதே மலைத்தொடர் தென்மேற்கே ராஜஸ்தான் வழியாக இறங்கிப் போகிறது. சாம்பர் ஏரி கிடப்பது அந்த மலைகளுக்கு நடுவில் உள்ள ஒரு பள்ளத்தில். இதைப் பிள்ளைகள் ஊரிலேயே தெரிந்துகொண்டு வந்தால், முன்னூறு கிலோமீட்டர் தள்ளி அதே மலைகளைப் பார்த்ததும் “மேம், இது நம்ம மலை மந்திர் கல்லு மாதிரி இருக்கே!” என்று யாராவது ஒரு பிள்ளை கத்தும். என் வகுப்பில் கத்தியிருக்கிறார்கள். அந்த ஒரு கூவலுக்காகவே ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் செலவழிக்கலாம்.

அடுத்தது தட்டு. கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே ஆரம்பித்துவிடுங்கள், குளிர்கால வெயிலில் தண்ணீர் காய நாளாகும். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரையுங்கள். கடல்நீரில் இருக்கும் அளவு ஏறக்குறைய அதுதான். எவர்சில்வர் தட்டு ஒன்றில் ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். அதே அளவு இன்னொரு தட்டில் ஊற்றி வகுப்பறைக்குள் நிழலில் வையுங்கள். மூன்றாவதாக ஒரு பழைய அலுமினியத் தட்டில் ஓரமாக ஆணியால் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். அதிலும் உப்புத் தண்ணீர் ஊற்றி, தினமும் காலையில் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரையும் சேர்த்து ஊற்றிவரச் சொல்லுங்கள்.

வெயிலில் இருந்த தட்டில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். நிழலில் மெதுவாகக் காய்ந்ததில் கட்டம் கட்டமாகப் பெரிய படிகங்கள் வந்திருக்கும். ஓட்டைத் தட்டில் ஒன்றும் இருக்காது, வந்த தண்ணீர் உப்பையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும். உப்பு ஏரி என்றால் என்ன என்பதற்கான முழு விடையும் இந்த ஓட்டைத் தட்டில் இருக்கிறது. உப்பு ஏரி என்பது அந்த ஓட்டை இல்லாத தட்டு: தண்ணீர் வருவதற்கு வழி உண்டு, போவதற்கு வானத்தைத் தவிர வேறு வழி இல்லை. இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் மறுநாள் மறந்துவிடும். ஓட்டை போட்ட பிள்ளைக்கு மறக்காது.

முதல் தட்டைக் கழுவிவிட வேண்டாம். அதன் மேலேயே செங்கல் தூள் கலந்த தண்ணீர் கொஞ்சம், அது காய்ந்த பிறகு மறுபடி உப்புத் தண்ணீர் என்று மூன்று நான்கு முறை ஊற்றிக் காயவிடுங்கள். மழைக்காலத்தில் ஆறு கொண்டுவரும் வண்டல், கோடையில் படியும் உப்பு. பிறகு ஒரு ஸ்பூனால் ஓரத்தைப் பெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரிகள் பளிச்சென்று வராது, செங்கல் தண்ணீர் கீழே இருந்த உப்பைக் கொஞ்சம் கரைத்திருக்கும். நிஜ ஏரியிலும் ஒவ்வொரு மழையும் போன வருட உப்பைக் கரைத்துத்தான் விடுகிறது. அதனால் கலங்கிய வரிகளைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். அவற்றை வைத்துக்கொண்டு “எது முதலில் வந்தது, எது அப்புறம் வந்தது?” என்று மட்டும் கேளுங்கள். ஏரிக்கரையிலும் நீங்கள் கேட்க வேண்டியது அந்த ஒரே கேள்விதான். பெயர்கள், வரையறைகள் எல்லாம் பின்னால் வரட்டும். நானும் முதல் பத்து வருடம் பெயரைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பொருளைக் காட்டினேன். அது தலைகீழ்.

ஏரிக்குப் போனதும் உயரமான ஓர் இடத்தில் நிறுத்தி, சுற்றிவரக் குன்றுகள் எங்கெங்கே தெரிகின்றன என்று வரையச் சொல்லுங்கள். வரைந்து முடித்தால் அவர்களுடைய தட்டின் விளிம்பு தாளில் வந்துவிடும். மேந்தா, ரூபன்கர் என்ற மழைக்கால ஆறுகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன என்பதை அதில் குறியுங்கள். ஏரி சுமார் 35 கிலோமீட்டர் நீளம். மழை முடிந்த கையோடு போனாலும் அதிக ஆழம் மூன்று மீட்டர்தான். இத்தனை அகலமும் இத்தனை குறைந்த ஆழமும் சேர்ந்திருப்பதால்தான் வெயில் இதை இவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது. பிள்ளைகளே தட்டையும் டம்ளரையும் ஒப்பிட்டு இதைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு காய்ந்த ஓரத்துக்கு அழைத்துப் போங்கள். உப்புப் பாளம் ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பிளந்து கிடக்கும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சில பிளவுகளின் விளிம்பு மேல்நோக்கி மடங்கியிருக்கும், அதைக் கையால் தடவிப் பார்க்கட்டும். சேறு காயும்போது சுருங்கிப் பிளக்கிறது. அடியில் இருக்கும் உவர்நீர் அந்தப் பிளவு வழியே மேலேறி, விளிம்பில் படிகமாகி, பாளத்தை நெட்டித் தள்ளுகிறது. பழைய வீட்டுச் சுவரில் உப்பு பூத்து வண்ணம் உதிர்வதும் இதே வேலைதான்.

ஒரு எச்சரிக்கை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் வரிசையை விட்டு ஓடி, பாளத்தின் மேல் குதித்தான். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுத்து எடுத்தபோது கால் முழுக்கக் கறுப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். அன்றைக்கு எனக்கு வந்த பயத்தில் அவனைத் திட்டிவிட்டு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ்ஸில் அவன் கேட்டான், “மேம், மேலே வெள்ளை, கீழே ஏன் கறுப்பு?” அந்தப் பயணத்தின் மிக நல்ல கேள்வி அது. அதற்கு நின்று பதில் சொல்லாமல் கிளம்பிவந்தேனே என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு. காற்று புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்திக்கொண்டு அந்த நாற்ற வாயுவை வெளிவிடுகின்றன. அது சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. அடுத்த வருடத்திலிருந்து ஒரு கொத்துக்கரண்டி கொண்டுபோய், கரையோரத்தில் உறுதியான இடத்தில் ஒரு சாண் ஆழம் நானே தோண்டிக் காட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாளத்தின் மேல் யாரையும் விடாதீர்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பது அவசியம்.

கேள்வி: பாலைவனத்தில் ஏரி எப்படி இருக்க முடியும்? அங்கேதான் மழையே பெய்யாதே?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், மயூர் விஹார், தில்லி

கண்ணா, பாலைவனத்திலும் மழை பெய்யும், குறைவாகப் பெய்யும். சாம்பர் இருப்பது தார் பாலைவனத்தின் நட்டநடுவில் இல்லை, கிழக்கு விளிம்பில். அங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழை உண்டு, அதில் பெரும்பங்கு ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் பெய்துவிடும். ஏரிக்கு மேல் பெய்கிற மழையை மட்டும் கணக்கில் எடுக்காதே. சுற்றிலும் ஐயாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் பெய்வதெல்லாம் அந்தப் பள்ளத்தை நோக்கித்தான் சரிகிறது. அப்புறம் எட்டு ஒன்பது மாதம் வெயில் அதைக் குடிக்கிறது. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் மழைநீர்க் குழாயின் வாயை ஒரு துணியால் அடைத்தால் என்ன ஆகும் என்று யோசி. அடைத்துப் பார்க்காதே, அம்மா என்னைத் திட்டுவார்.

கேள்வி: சாம்பர் ஏரியின் உப்பு பழைய கடல் விட்டுச் சென்றது என்று நாங்கள் படித்தோம். என் மகளின் ஆசிரியர் காற்று கொண்டுவந்தது என்கிறார். எது சரி?
— பொறியாளர், துவாரகா, தில்லி

உங்கள் மகளின் ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை எடுத்து வகுப்புக்குள் போட்டவர்கள் அதிகம் இல்லை.

கடல் விட்டுச் சென்றது என்பது முதலில் எல்லோருக்கும் தோன்றுகிற விடை. என் மாணவி ஒருத்தி அதற்குச் சாட்சியும் வைத்திருந்தாள். ஃபுலேரா சந்திப்பிலிருந்து மேற்கே போகிற ரயில் பாதையில் முதலில் சாம்பர் வரும், இன்னும் போனால் மக்ரானா. தாஜ்மகாலுக்குக் கல் கொடுத்த ஊர். “சலவைக்கல் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல் கடலடியில் உண்டாவது, அப்படியென்றால் இங்கே கடல் இருந்திருக்கிறது, உப்பு அந்தக் கடலுடையது” என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொரு படியும் சரி, கடைசிப் படியைத் தவிர. சலவைக்கல்லாக மாறிய அந்தச் சுண்ணாம்பு படிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏரியின் வண்டலோ அதோடு ஒப்பிட்டால் நேற்றையது, அந்தப் பழைய உருமாறிய பாறைகளின் மேல் வந்து உட்கார்ந்தது. நடுவில் மலைகள் எழுந்து, தேய்ந்து, பாதி கரைந்துபோய்விட்டன. எது முதலில், எது அப்புறம் என்று கேட்டதும் அவளே நிறுத்திக்கொண்டாள்.

காற்று என்று சொன்னவர்கள் ஹாலந்து, கிறிஸ்டி என்ற இருவர். இந்திய நிலவியல் ஆய்வுத்துறைக்காக 1909-ல் எழுதினார்கள். கோடையில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று குஜராத்தின் கட்ச் ரண் என்ற உப்பு நிலத்தின் தூளை அள்ளி ராஜபுதனம் (இன்றைய ராஜஸ்தான்) முழுக்கத் தூவுகிறது, மழை அதைக் கழுவிப் பள்ளங்களில் சேர்க்கிறது என்பது அவர்கள் வாதம். சும்மா சொல்லவில்லை, காற்றில் வரும் உப்பை அளந்து பார்த்து, ஆண்டுக்கு லட்சம் டன்னுக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். பின்னால் வந்த வேதியியல் ஆய்வுகள் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்கின்றன. சுற்றியுள்ள பாறைகள் சிதையும்போதே ஒவ்வொரு மழையும் கொஞ்சம் உப்பைக் கரைத்து எடுத்துவரும். வாசல் அடைத்த பள்ளத்தில் பல ஆயிரம் ஆண்டுகள் அது சேர்ந்துகொண்டே இருந்தால் போதும்.

எனக்குப் பாறைச் சிதைவுக்குத்தான் பெரிய பங்கு என்று படுகிறது, காற்றுக்குச் சிறிய பங்கு. ஆனால் வகுப்பில் என் கருத்தை முதலில் சொல்ல மாட்டேன். மே மாதம் தில்லியில் ஆந்தி என்ற புழுதிப் புயல் அடித்த மறுநாள் காலை, பால்கனித் தரையில் படிந்த புழுதியைத் தாளில் கூட்டி எடுத்துவரச் சொல்வேன். ராஜஸ்தான் பக்கமிருந்து வந்த புழுதி, வீடு தேடி வந்த சாட்சி. நல்ல தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, தெளிந்த நீரைக் கறுப்புத் தட்டில் காயவைப்போம். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் இன்னொரு தட்டில், இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரின் உப்பைப் புழுதியின் உப்பு என்று நினைத்துவிடுவார்கள். சில வருடம் புழுதித் தட்டில் வெள்ளைத் தடம் கூடுதலாகத் தெரியும், சில வருடம் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தெரியாத வருடத்தில்தான் வகுப்பு சூடுபிடிக்கும். பெரியவர்களே ஒரே ஏரியைப் பார்த்து இரண்டு விடை சொல்லியிருக்கிறார்கள், இரண்டையும் சோதிக்கலாம் என்று பன்னிரண்டு வயதிலேயே தெரிந்துகொள்வது அந்தப் பிள்ளைக்குப் பெரிய சொத்து.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறான். அவன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் மலைச்சரிவில் படிக்கட்டு வெட்டியதுபோல நீளமாகக் கோடுகள் தெரிகின்றன. யார் வெட்டினார்கள் என்று கேட்டால் அவனுக்கும் தெரியவில்லை.
— இல்லத்தரசி, முனிர்கா, தில்லி

தண்ணீர் வெட்டியது அம்மா. கொடுத்துவைத்த ஜன்னல் உங்கள் மகனுடையது.

அந்தக் கோடுகள் ஒரு பழைய ஏரியின் கரைகள். பனியுகத்தின் கடைசிக் காலத்தில் அங்கே பான்வில் என்று இன்று அழைக்கப்படும் ஏரி இருந்தது. பரப்பு சுமார் 50,000 சதுர கிலோமீட்டர், ஆழம் முன்னூறு மீட்டர் அளவுக்கு. நீர்மட்டம் ஓர் உயரத்தில் நீண்ட காலம் நின்றபோதெல்லாம் அலைகள் சரிவை அரித்து ஒரு படி செதுக்கின. சுமார் 18,000 ஆண்டுகளுக்கு முன்னால் வடக்கே ஐடஹோ பக்கம் இருந்த கணவாயில் கரை உடைத்துக்கொண்டது. ஏரி ஒரே வீச்சில் நூறு மீட்டருக்கு மேல் இறங்கியது. புதிய மட்டத்தில் அடுத்த படி செதுக்கப்பட்டது. பிறகு பருவநிலை வறண்டது, ஏரி சுருங்கியது, மிச்சம்தான் இன்றைய கிரேட் சால்ட் ஏரி.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஜி.கே.கில்பர்ட் என்ற நிலவியலாளர் இந்தக் கரைகளை மலை மலையாக ஏறி அளந்து 1890-ல் ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டார். ஒரே ஏரியின் ஒரே காலத்துக் கரை, எங்கும் ஒரே உயரத்தில்தானே இருக்க வேண்டும்? இல்லை. பழைய ஏரியின் நடுவில் தீவுகளாக இருந்த மலைகளில் அந்தக் கோடு, ஓரத்து மலைகளில் உள்ளதைவிட உயரமாக இருந்தது. அவ்வளவு தண்ணீரின் எடையில் தரை அமுங்கியிருந்தது, தண்ணீர் போனதும் எழும்பிவிட்டது, நடுவில்தான் அதிக எடை என்பதால் நடுவில்தான் அதிக எழுச்சி என்று அவர் விளக்கினார். பூமி கெட்டிக் கல் என்று நினைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் கண் விரியும். மெத்தையில் ஒருவரை உட்காரவைத்து எழுப்பிக் காட்டுங்கள். மெத்தை உடனே எழும்பும், பூமிக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மகனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது அந்தக் கோடுகளைப் படமெடுத்து, மேலிருந்து கீழே எண் போடட்டும். எந்த எண் முந்தியது என்று அவன் சொல்லட்டும். மேலே இருப்பதுதான் பழையது என்று எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது, ஏரி ஏறும்போதும் நின்று படி செதுக்கியிருக்கும். அவனே யோசிக்கட்டும்.

கேள்வி: சாகம்பரி தேவி காட்டை வெள்ளிச் சமவெளியாக்கினாள், வெள்ளிக்குச் சண்டை வரும் என்று மக்கள் அஞ்சி வேண்டியதால் அதை உப்பாக்கினாள் என்று சாம்பரில் கதை சொல்கிறார்கள். அறிவியல் வகுப்பில் இதைச் சொல்லலாமா?
— வாசகர், கரோல்பாக், தில்லி

தாராளமாகச் சொல்லுங்கள், அதுவும் முதலிலேயே. ஏரிக்கரையில் அவளுக்குக் கோயில் இருக்கிறது, அங்கே நின்று சொல்லுங்கள். பத்து மணி வெயிலில் அந்த இடம் வெள்ளித் தகடு மாதிரித்தான் மின்னும். கதை சொன்னவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். காடு இருந்தது என்கிறார்களே, அதையும் கவனியுங்கள். 1970-களில் குர்தீப் சிங் என்ற ஆய்வாளர் சாம்பர், தித்வானா, லூன்கரன்சர் ஏரிகளின் மண்ணைத் துளையிட்டு எடுத்து, அடுக்கடுக்காகப் புதைந்திருந்த மகரந்தத் தூளைப் பார்த்தார். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் இன்றைக்கு இருப்பதைவிட ஈரமாக, பசுமையாக இருந்த காலம் ஒன்று உண்டு என்று அதிலிருந்து தெரிந்தது. லூன்கரன்சர் ஏரி ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வற்றிவிட்டது. கதைக்கும் மகரந்தத்துக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. பிள்ளைகள் போட வந்தால், இடையில் எத்தனை ஆயிரம் ஆண்டுகள் என்று கேளுங்கள்.

கேள்வி: ஏரியின் குறுக்கே ஒரு நீண்ட சுவர் இருக்கிறதே, அது இயற்கையா?
— மாணவி, லட்சுமிபாய் நகர், தில்லி

இல்லை. அது கல் அணை, 5.1 கிலோமீட்டர் நீளம். அணைக்குக் கிழக்கே உப்புப் பாத்திகள், மேற்கே ஏரி. மேற்கிலிருந்து உவர்நீரைத் தேவைக்கு எடுத்துக் கிழக்கே பாத்திகளில் காயவைக்கிறார்கள். சில பாத்திகள் இளஞ்சிவப்பாக இருக்கும், மிகுந்த உப்பிலும் வாழக்கூடிய நுண்ணுயிர்கள் கொடுக்கும் நிறம் அது. நீ வரையும் படத்தில் மனிதர் செய்ததை வேறு நிற மையில் குறி. ஆறுகளின் குறுக்கே கட்டிய தடுப்பணைகளும் கிணறுகளும் ஏரிக்கு வரும் நீரைக் குறைத்திருக்கின்றன, அவற்றுக்கும் அதே மை.

கேள்வி: நாங்கள் தில்லிக்கும் ராஜஸ்தானுக்கும் எங்கே போவது? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிக் காட்டுவது?
— ஆசிரியர், உடன்குடி, தூத்துக்குடி மாவட்டம்

ஐயா, நீங்கள் இருக்கும் இடத்துக்கு நான்தான் வர வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் தேரி இருக்கிறது. காற்று குவித்த செம்மணல் மேடு, கடற்கரைக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பாலை. குதிரைமொழித் தேரிக்கு அழைத்துப் போய், ஒரு பிடி மணலை உள்ளங்கையில் ஈரமாக்கித் தேய்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டும் சிவப்பு, மணியின் மேல் பூசிய இரும்புத் துரு. இப்போது கடற்கரை மணலைத் தேய்த்தால் அப்படி ஒட்டாது. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

மாவட்டத்தில் உப்பளத்துக்கும் பஞ்சமில்லை. நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்குப் போகப் போக என்ன படிகிறது என்று வேலை செய்பவர்களையே கேளுங்கள். கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும் சமயத்தில் ஜிப்சம் விழும். பத்தில் ஒரு பங்கானதும் சமையல் உப்பு விழத் தொடங்கும். அதற்கு மேலும் காயவிட்டால் கசப்பு உப்புகள் சேரும், அதனால்தான் கடைசி நீரை வடித்துவிடுகிறார்கள். பாலைவன ஏரிகளின் அடியிலும் உப்புகள் இப்படி ஒரு வரிசையில்தான் படிகின்றன, இரண்டு இடத்திலும் இவற்றுக்கு முன்னால் சுண்ணாம்பு விழும்.

தேரிக்குக் காலை ஏழு மணிக்கே போய்விட்டு ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள், மணல் சுட ஆரம்பித்துவிடும். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பழைய தீப்பெட்டி. தீப்பெட்டியில் மேட்டு மணலும் பள்ளத்து மணலும் தனித்தனியாக, எடுத்த இடத்தையும் நேரத்தையும் மேலே எழுதி.